புது காரின் பெயின்ட்: எதை விடலாம், எதை விடக் கூடாது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை புது கார்களின் பெயின்ட் பற்றிய கேள்விகள் மட்டும். பதில்களில் அடிக்கடி வரப்போகும் நான்கு அடுக்குகளை முதலில் சொல்லிவிடுகிறோம். தகட்டை ஒட்டி இருப்பது ஈ-கோட். காரின் கூட்டையே தொட்டியில் முக்கி மின்சாரத்தால் படிய வைப்பது, சுமார் 20 மைக்ரான். அதன் மேல் பிரைமர், 30 முதல் 40. பிறகு நிறம் தரும் பேஸ் கோட், 12 முதல் 20. எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட், 35 முதல் 50. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கேள்வி: புதிதாக வாங்கிய கருப்பு கார். பானெட்டில் டியூப் லைட்டின் பிம்பம் நேர்கோடாக விழுகிறது. கதவுகளில் அதே பிம்பம் நெளிநெளியாகத் தெரிகிறது. ஒரே காரில் இரண்டு தரமா?

பதில்: நீங்கள் பார்ப்பது ஆரஞ்சு பீல். கிளியர் கோட் துளித்துளியாகத்தான் விழுகிறது. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று கலந்து, இறுகுவதற்குள் சமமாகப் பரவ வேண்டும். முழுதாகப் பரவும் முன்பே இறுகிவிட்டால் மெல்லிய மேடுபள்ளம் தங்கிவிடும்.

கதவில் அது கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் கதவு செங்குத்தாக நிற்பது. ஈரப் படலம் எவ்வளவு கனமோ அவ்வளவு சீக்கிரம் சமனாகும். கணக்கு, கனத்தின் மூன்றாம் மடியில் போகிறது. கனம் இரண்டு மடங்கானால் சமனாகும் வேகம் எட்டு மடங்கு. பானெட்டிலும் கூரையிலும் தாராளமாக அடிக்கலாம். கதவில் அப்படி அடித்தால், பெயின்ட்டைச் சுட்டு இறுக வைக்கும் அடுப்புக்குள் போனதும் வழிந்துவிடும். ஏனென்றால் சூடேறும்போது கிளியர் கோட் இறுகுவதற்கு முன் சற்று நேரம் இளகுகிறது, வழிவது அப்போதுதான். அதனால் கதவுக்குக் குறைத்து அடிப்பார்கள். அந்தச் சில மைக்ரான் குறைவே நெளிவாகத் தெரிகிறது.

நெளிவின் அகலத்தையும் கவனியுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு நெளிவுகள் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே மறைந்துவிடும். ஐந்து, பத்து மில்லிமீட்டர் அகலமானவை மறைய நெடுநேரம் எடுக்கும், மிஞ்சுபவை பெரும்பாலும் அவைதான். தொழிற்சாலைகள் இதை ஒளிக்கற்றை ஓட்டி அளக்கின்றன. 1.2 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருப்பவற்றை நீள் அலை என்றும், 0.3 முதல் 1.2 வரை இருப்பவற்றைக் குறு அலை என்றும் பிரிக்கிறார்கள். நீள் அலை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் கண்ணில் படும். குறு அலை கூடினால் அருகில் பார்க்கும்போது பிம்பத்தின் ஓரம் மங்கிவிடும்.

கருப்பு என்பதால் உங்களுக்கு இது எடுப்பாகத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே நெளிவு இருக்கும். ஆனால் வெள்ளை பேஸ் கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் சிதறி வரும் ஒளி, மேலே விழும் பிம்பத்தை அமுக்கிவிடுகிறது.

முடிவு செய்ய ஒரு சோதனை போதும். இடது கதவையும் வலது கதவையும் ஒரே விளக்கின் கீழ் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு நெளிந்தால் அது அந்தத் தொழிற்சாலையின் இயல்பு, விட்டுவிடலாம். ஒரு கதவு மட்டும் மாறுபட்டால், அல்லது ஒரே கதவில் மேல் பாதி வழவழப்பாகவும் கீழ்ப் பாதி சொரசொரப்பாகவும் இருந்தால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். விசாரியுங்கள்.

கேள்வி: வெள்ளி நிற கார். முன் பம்பர் மட்டும் ஒரு சாயல் கருமையாகத் தெரிகிறது. இடிபட்டு பம்பர் மாற்றிய காரை என் தலையில் கட்டிவிட்டார்களோ?

பதில்: அவசரப்பட வேண்டாம். பம்பர் பெரும்பாலும் வேறொரு கூடத்தில், பல நேரங்களில் வேறொரு நிறுவனத்தில் பெயின்ட் ஆகி வருகிறது. இரும்புக் கூடு சுமார் 140 டிகிரி செல்சியஸில் சுடப்படும். பம்பரின் பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது. 80 டிகிரியை ஒட்டிய சூட்டில் இறுகும் வேறு வகை கிளியர் கோட், வளைந்தாலும் வெடிக்காத மாதிரி தயாரித்தது, அதற்குத் தேவை. ஆக பெயின்ட்டே வேறு.

அடுத்தது அலுமினியத் துகள்கள். வெள்ளி, சாம்பல் போன்ற மெட்டாலிக் நிறங்களில் நிறத்தைத் தீர்மானிப்பது துகள்கள் படுத்திருக்கும் விதம். தட்டையாகப் படுத்திருந்தால் நேராகப் பார்க்கும்போது பளிச்சென்றும், சாய்வாகப் பார்க்கும்போது கருத்தும் தெரியும். ஒழுங்கில்லாமல் நின்றால் இரண்டு கோணங்களுக்கும் இடையே அந்த வித்தியாசம் குறைந்துவிடும். இரும்புக் கூட்டுக்கு எர்த் இணைப்பு கொடுத்து, நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் மணி வடிவத் தெளிப்பான்களால், மின்னேற்றிய துளிகளாக அடிக்கிறார்கள். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கு மின்கடத்தும் பிரைமர் பூச வேண்டும், அல்லது காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிக்க வேண்டும். துளியின் அளவும் ஈரமும் மாறும்போது துகள் படுக்கும் விதமும் மாறிவிடுகிறது.

மேகமூட்டமான பகலில் அல்லது நிழலில், பம்பரும் ஃபெண்டரும் (முன் சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு) சேரும் இடத்தில், ஒரு கையகல இடத்தை மட்டும் பாருங்கள். முதலில் நேராக, பிறகு 45 டிகிரியில், கடைசியாக ஏறக்குறைய தகட்டோடு தகடாகத் தலையைச் சாய்த்து. மூன்று கோணத்திலும் ஒரே மாதிரி வித்தியாசம் என்றால் நிறக் கலவையே மாறியிருக்கிறது. ஒரு கோணத்தில் மட்டும் வித்தியாசம் என்றால் அது துகள் விவகாரம், புது கார்களில் சாதாரணம். தள்ளி நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். பம்பர் வளையும் கோணம் வேறு என்பதாலேயே நிறம் வேறாகத் தோன்றும்.

சந்தேகம் தீர இன்னொன்று. பம்பரின் இரு முனைகளும் இரு ஃபெண்டர்களிலிருந்தும் சம அளவில் வேறுபட்டால் அப்படித்தான் அது வந்திருக்கிறது. பின் பம்பரும் அப்படியே இருந்தால் இன்னும் உறுதி. இடது ஃபெண்டர் மட்டும் கதவோடு ஒத்துப் போகாமல் நின்றால், சந்தேகப்பட வேண்டியது பம்பரை விட்டுவிட்டு அந்த ஃபெண்டரை.

கேள்வி: பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கனமானி வைத்து அளந்தேன். மற்ற இடங்களில் 95 முதல் 120 மைக்ரான் வரை. ஒரு கதவில் மட்டும் 230. புது காரில் இது இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். ஆனால் அந்த 230 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் விடக் கூடாது.

புது கார்களில் 90 முதல் 150 மைக்ரான் வரை இயல்பு. ஒரே பலகையில் (கதவு, பானெட் போன்ற ஒரு தனிப் பாகத்தில்) இருபது முப்பது மைக்ரான் ஏறி இறங்குவதும் இயல்பு. கதவின் உள் சட்டம், தூண்களின் உட்பக்கம், பானெட்டின் அடிப்பக்கம் ஆகியவை மெல்லியதாகவே இருக்கும். பேஸ் கோட்டும் கிளியரும் ஒரு முறை கூடுதலாக அடித்தால் 60 முதல் 120 வரை ஏறும். உங்கள் கதவின் எண் அந்தக் கணக்கோடு பொருந்துகிறது: இரண்டாம் முறை பெயின்ட் ஆன கதவு.

அது எங்கே நடந்தது என்பதுதான் விஷயம். கூடு இன்னும் வெறும் இரும்பாக, கண்ணாடியும் வயரும் ஏறாமல் இருக்கும்போதே பரிசோதகர் குறை கண்டு திருப்பி அனுப்பினால், அது மறுபடியும் அதே வரிசையில் அடித்து அதே 140 டிகிரியில் சுடப்படும். தரத்தில் அதற்கு ஒரு குறையும் கிடையாது. கார் முழுதாகப் பூட்டிய பிறகு, தொழிற்சாலையின் கடைக்கோடியிலோ, கிடங்கிலோ, டீலரிடமோ அடித்திருந்தால் கதை வேறு. அப்போது ரப்பரும் பிளாஸ்டிக்கும் எலெக்ட்ரானிக் பாகங்களும் உள்ளே இருக்கும், 60 டிகிரிக்குப் பக்கத்தில்தான் சூடாக்க முடியும். ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் பழுதுபார்ப்புப் பெயின்ட் அது. நன்றாகச் செய்தால் வருடக் கணக்கில் நிற்கும். எல்லோரும் நன்றாகச் செய்வதில்லை.

பிரித்தறிய, கதவின் ஐந்து இடங்களில் அளவெடுங்கள். நான்கு மூலைகளில் விளிம்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, பிறகு நடுவில். ஐந்தும் 220க்கும் 240க்கும் இடையே நின்றால் முழுப் பலகையும் ஒரே சீராக அடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மூலையில் 130, எதிர் மூலையில் 300 என்று ஓடினால் ஓரிடத்தில் மட்டும் கையால் அடித்து, ஓரம் தெரியாதபடி மெல்ல மெல்லக் குறைத்து மங்கச் செய்திருக்கிறார்கள். 500ஐத் தாண்டினால் பட்டி (நசுங்கிய பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கலாம். 1000ஐத் தாண்டினால் ஏறக்குறைய நிச்சயம் பட்டிதான், தகடு நசுங்கியிருக்கிறது.

பிறகு கதவைத் திறந்து கீல் போல்ட்டுகளைப் பாருங்கள். பெயின்ட் போல்ட்டின் விளிம்பில் உடைந்திருந்தால் ஸ்பேனர் ஏறியிருக்கிறது. ஆனால் கதவைப் பொருத்திச் சரிசெய்யத் தொழிற்சாலையிலேயே முறுக்கியிருக்கக் கூடும் என்பதால் மற்ற மூன்று கதவுகளோடு ஒப்பிடுங்கள். கண்ணாடி ரப்பரின் அடியில் நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். ரப்பரில் பெயின்ட் தூசி ஒட்டியிருந்தால், அல்லது பெயின்ட் ஒரு கோடாக நின்றிருந்தால், கழற்றாமல் டேப் ஒட்டி அடித்திருக்கிறார்கள். இது நடந்தது தொழிற்சாலை வரிசையில் அல்ல.

கருவியையும் நம்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தரும் இரும்புத் துண்டில் பூஜ்யம் வைத்து, அளவு குறித்த ஃபிலிமை அதன் மேல் வைத்துச் சரிபாருங்கள். விளிம்பிலும் கூர்மையான வளைவிலும் காட்டும் எண் பொய். பானெட் அலுமினியம் என்றால் இரும்புக்கு மட்டுமான கருவி வேலை செய்யாது, இரண்டுக்கும் பொதுவானது வேண்டும். பிளாஸ்டிக் மேல் இவை எதுவும் அளக்காது.

கேள்வி: கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ எனும் பகுதி மணல் ஒட்டியது போல் சொரசொரப்பாக இருக்கிறது. இதுவும் பெயின்ட் குறையா?

பதில்: இல்லை. டயர் வாரி அடிக்கும் கல் பெயின்ட்டைப் பெயர்க்காமல் இருக்க ரப்பர் போன்ற ஒரு பூச்சை அடியில் கொடுத்து, அதன் மேல் நிறம் அடிக்கிறார்கள். இருபுறமும் ஒரே உயரம் வரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பானெட்டைத் திறந்தால் தெரியும் மங்கலான பெயின்ட்டும் இப்படித்தான்: கண்ணில் படாத இடங்களில் கிளியர் மெலிதாகவே விழும், சில கார்களில் விழவே விழாது.

கேள்வி: டெலிவரி எடுக்கும் நாளில் பெயின்ட்டை எப்படிப் பரிசோதிப்பது?

பதில்: டெலிவரி நாளில் பார்ப்பது தாமதம். காரின் சேசி எண் உங்களுக்கு ஒதுக்கப்பட்டதும், பதிவுக்குப் போகும் முன் பாருங்கள். பதிவான பிறகு வேறு கார் கேட்கும் பிடி உங்கள் கையில் இருக்காது.

கழுவி, துடைத்து, முழுதாகக் காய்ந்த கார் வேண்டும். நனைந்த பெயின்ட் எல்லாக் குறையையும் மறைக்கும். மெழுகோ பாலிஷோ போட்டிருந்தால் அதுவும் மறைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு கலந்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, சந்தேகப்பட்ட இடத்தை மட்டும் மெதுவாகத் துடைத்தால் அடியில் இருப்பது வெளியே வரும்.

ஒரே வெளிச்சம் போதாது, மூன்று வேண்டும். நிழலான பகல் வெளிச்சத்தில் நிற வித்தியாசம் தெரியும். வரிசையான டியூப் லைட்டின் கீழ் ஆரஞ்சு பீலும் வழிசலும் அலையும் தெரியும். எல்.இ.டி. டார்ச்சைப் பெயின்ட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் கீறலும் பாலிஷ் தடமும் தெரியும். நடுப்பகல் வெயில் நேராக அடிக்கும்போது கண் கூசி எதுவும் பிடிபடாது. இரவு டெலிவரி வேண்டவே வேண்டாம்.

கூரையில் தொடங்குங்கள், பெரும்பாலானோர் பார்க்காமல் விடுவது அதைத்தான். பிறகு பானெட், டிக்கி, கதவுகள், தூண்கள், எரிபொருள் மூடி, பம்பரின் கீழ் உதடு. கைப்பிடிக்குக் கீழேயும், அழுத்தமான மடிப்புக் கோடுகளுக்குக் கீழேயும் வழிசல் ஒளிந்திருக்கும். முகத்தை ஐம்பது அறுபது சென்டிமீட்டர் தள்ளி வைத்து, பக்கவாட்டில் சாய்ந்து நகர்ந்தபடி பாருங்கள். ஒரே இடத்தில் நின்று பார்க்கிறவருக்குப் பாதிதான் தெரியும். விரல் நுனியை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, கழுவிய பெயின்ட் மேல் லேசாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத பொடி மேடுகளும் தட்டுப்படும்.

கண்ட குறைக்குப் பக்கத்தில் பெயின்டர் டேப்பின் சிறு துண்டு ஒட்டி, காரின் எண் தெரியும்படி ஒரு படமும் கிட்டத்தில் ஒரு படமும் எடுங்கள். கையெழுத்திடும் தாளிலேயே அதை எழுதி வாங்குங்கள். ஆரஞ்சு பீல் "அளவுக்குள் இருக்கிறது" என்று பதில் வரும், அது பெரும்பாலும் உண்மையும்கூட. நிறுவனங்கள் காரைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கண்மட்டத்துக்கு வரும் பகுதிகளில் கண்டிப்பு, கீழே போகப் போகத் தளர்வு. ஆனால் வழிசல், பள்ளம், நிறத் திட்டு, மணல்தாள் கோடு ஆகியவை பானெட்டிலோ கதவின் மேல் பாதியிலோ இருந்தால் அந்தப் பதிலை ஏற்காதீர்கள்.

கேள்வி: பெயின்ட்டில் சிறு சிறு புள்ளிகள் இருக்கின்றன. சில மேடு, சில குழி. எல்லாவற்றையும் பாலிஷ் போட்டுச் சரி செய்கிறேன் என்கிறார்கள். முடியுமா?

பதில்: மேட்டை முடியும், குழியை முடியாது.

மேடாக இருப்பவை தூசி. கிளியருக்குள் விழுந்த தூசியை 2000 அல்லது 3000 நம்பர் வாட்டர் பேப்பரின் சிறு துண்டால் தட்டையாக்கி, அந்த இடத்தை மட்டும் பாலிஷ் செய்தால் போய்விடும். தொழிற்சாலையின் கடைசி வரிசையில் இதையேதான் செய்கிறார்கள். மேட்டின் உச்சியில் நிறமே மாறித் தெரிந்தால் தூசி பேஸ் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தேய்த்தால் நிறம் போய்விடும், விட்டுவிடுவது மேல்.

கிண்ணம் போல் வட்டமாகக் குழிந்து, ஓரம் சற்று உயர்ந்திருந்தால் எண்ணெய் அல்லது சிலிகான் பட்ட இடம். ஈரப் பெயின்ட் அதைவிட்டு விலகிப் போயிருக்கிறது. சில சமயம் அடியில் பிரைமர்கூடத் தெரியும்.

ஊசி குத்தியது போல் பொடித் துளைகள் கூட்டமாக, முக்கியமாகக் கனமாக அடித்த விளிம்புகளில் இருந்தால் அது கொதிப்பு. மேல் தோல் இறுகிய பின் உள்ளே சிக்கிய கரைப்பானோ, தண்ணீர் சார்ந்த பேஸ் கோட்டில் மிஞ்சிய ஈரமோ ஆவியாகிப் பொத்துக்கொண்டு வந்திருக்கிறது. இதைத் தேய்த்தால் மூடியிருந்த குமிழிகளும் திறந்து துளைகள் கூடும். பாலிஷ் பசை துளைக்குள் போய் முதல் கழுவலில் வெளுத்துத் தெரியும். குழிக்கும் துளைக்கும் மறு பெயின்ட்தான் வழி. சில்வர் கார்களில் வரும் மேகத் திட்டுக்கும் அப்படியே, ஏனென்றால் குறை கிளியருக்கு அடியில் இருக்கிறது.

கிளியர் மட்டும் வழிந்த சிறு வழிசலைத் தட்டையாக்க முடியும். அங்கே தேய்ப்பதற்குக் கூடுதல் கனம் இருக்கிறது. வழிசலோடு நிறமும் திரண்டிருந்தால் முடியாது.

கூரையிலும் பானெட்டிலும் ஆரஞ்சு நிறப் பொடிப் புள்ளிகள், அதுவும் வெள்ளைக் காரில் என்றால், பெயின்ட்டின் மேல் குற்றமில்லை. ரயிலிலோ கிடங்கிலோ விழுந்த இரும்புத் துகள் துருவேறிய தடம் அது. இரும்பு நீக்கும் திரவத்தைக் குளிர்ந்த தகட்டில் தெளித்தால் ஊதா நிறமாகும். சில நிமிடத்தில், உலரும் முன் கழுவிவிட்டு, மிஞ்சியதை டீட்டெய்லிங் களிமண்ணும் வழுக்கும் திரவமும் கொண்டு எடுங்கள்.

கேள்வி: நிழலில் அழகாக இருக்கும் பெயின்ட், வெயிலில் வட்ட வட்டமான தடங்களைக் காட்டுகிறது. புது காரில் எப்படி வந்தது?

பதில்: சுழலும் பாலிஷ் மெஷினின் தடம். தூசியை எடுத்த இடத்திலோ, கிடங்கில் பட்ட கறையைப் போக்கிய இடத்திலோ கரடான பசையும் கம்பளி பேடும் போட்டு ஓட்டிவிட்டு, மெல்லிய பசையால் முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். இரட்டை அசைவு மெஷின், மென்மையான ஃபோம் பேட், மிக மெல்லிய பாலிஷ் போதும். ஒரு மைக்ரான் அளவில் வேலை முடிந்துவிடும். டீலரிடமே கேட்பதானால் அதே சுழல் மெஷினை மறுபடி ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆரஞ்சு பீலை முழுதாக வாட்டர் பேப்பர் போட்டு எடுத்து, கண்ணாடி போல் ஆக்கித் தருகிறேன் என்கிறார் ஒரு டீட்டெய்லர். செய்யலாமா?

பதில்: தினமும் வெயிலில் நிற்கும் காருக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

உங்களிடம் இருப்பது 35 முதல் 50 மைக்ரான் கிளியர். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அதில்தான் இருக்கிறது, அடியில் இருக்கும் நிறத்தைக் காப்பது அதுதான். வாட்டர் பேப்பரும், அதன் கீறலைப் போக்கும் கரட்டுப் பசையும், முடிக்கும் பாலிஷும் சேர்ந்தால் 5 முதல் 10 மைக்ரான் போகும். பீல் ஆழமானால் இன்னும் போகும். பின்னாளில் வரும் கீறலுக்கும் பறவை எச்சத்தின் அரிப்புக்கும் எடுக்க வேண்டியதை முதல் மாதத்திலேயே செலவழித்துவிடுகிறீர்கள். போன கிளியர் திரும்பாது. பெயின்ட் வாரண்டியும் சிக்கலாகலாம்.

கனமானி இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். அது மொத்தக் கனத்தைத்தான் காட்டும். 110 என்று காட்டும் இரண்டு கார்களில் ஒன்றில் கிளியர் 50 இருக்கலாம், மற்றதில் 35.

காட்சிக்கு வைக்கும் கார் என்று தெரிந்தே செய்பவர்களுக்கு மட்டும் சில குறிப்புகள். முழுதாக எடுக்காமல் மேட்டின் முனையை மட்டும் குறையுங்கள். பாதி குறைந்தாலே கண்ணுக்கு நல்ல மாற்றம் தெரியும். மென்மையான ஃபோம் வைத்துத் தேய்த்தால் தாள் மேட்டோடும் பள்ளத்தோடும் வளைந்து போகும், பளபளப்பு வரும், நெளிவு அப்படியே நிற்கும். நெளிவு குறைய தாளுக்குப் பின்னால் கெட்டியான பிடி வேண்டும், அதில் ஆபத்தும் கூடுதல். மடிப்புக் கோடுகளிலும் விளிம்புகளிலும் கிளியர் மெலிந்திருக்கும். ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு டேப் ஒட்டி அவற்றைத் தொடாமல் விடுங்கள். தொடங்கும் முன் ஒவ்வொரு பலகையிலும் ஐந்து இடம் அளந்து எழுதிவைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் அதே இடத்தில் அளந்து கழித்துப் பாருங்கள்.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் இந்த நெளிவெல்லாம் மறையாதா?

பதில்: மறையாது. அந்தப் பூச்சு ஒன்றிரண்டு மைக்ரான்தான், பள்ளத்தை நிரப்பும் அளவு அதில் இல்லை. அடியில் இருக்கும் கீறலையும் தடத்தையும் பூட்டி வைத்து, பளபளப்பால் இன்னும் எடுத்துக் காட்டும். பூசும் முன் பாலிஷ் தடங்களைப் போக்கிவிடுங்கள். 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாதுகாப்பு ஃபிலிமுக்கோ தனக்கென்று ஒரு மெல்லிய நெளிவு உண்டு.

கேள்வி: இப்போது வரும் கார்களில் ஒரு கோட்டையே குறைத்துவிட்டார்களாம். தரக்குறைவுக்கு அதுதான் காரணமா?

பதில்: ஒரு பகுதி காரணம். பழைய முறையில் பிரைமரை அடித்து, தனி அடுப்பில் சுட்டு, தேவையான இடத்தில் தேய்த்து, அதன் மேல் நிறம் அடிப்பார்கள். பல புதிய தொழிற்சாலைகளில் அந்த அடுப்பு கிடையாது. பிரைமரோ, அதன் வேலையைச் செய்யும் முதல் பேஸ் கோட்டோ ஈரமாக இருக்கும்போதே அடுத்தடுத்த அடுக்குகள் விழுந்து, கடைசியில் ஒரே முறை சுடப்படும். ஆற்றலும் இடமும் மிச்சம், கரைப்பான் ஆவியும் குறைவு. ஆனால் சுட்ட பிரைமர் தகட்டின் சொரசொரப்பையும் ஈ-கோட்டின் சொரசொரப்பையும் நிரப்பி மறைத்துக்கொண்டிருந்தது. அது போனதும் கீழே இருப்பது மேலே தெரிகிறது. ஒரே மாடல் இரண்டு ஆலைகளில் தயாராகி, இரண்டு விதமாகத் தெரிவதற்கும் தகடு, பெயின்ட் முறை ஆகியவற்றின் வேறுபாடே பெரும்பாலும் காரணம்.

ஆயுளைப் பற்றி இதனால் மட்டும் பயப்பட வேண்டாம். 1980களின் கடைசியிலும் 1990களிலும் சில அமெரிக்க நிறுவனங்கள் பிரைமரை விட்டுவிட்டு, ஈ-கோட்டின் மேல் நேரடியாக நிறம் அடித்தன. நிறத்தைத் தாண்டி ஊடுருவிய புற ஊதாக் கதிர் ஈ-கோட்டின் மேற்பரப்பைப் பொடியாக்கியது, பெயின்ட் தகடு தகடாக உரிந்து விழுந்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகு, பிரைமர் இல்லாத முறைகளில் கதிரைத் தடுக்கும் வேலையை முதல் பேஸ் கோட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நெளிவு வேறு, உரிவது வேறு.

கேள்வி: பானெட்டில் பொடித் துளைகள். "மறு பெயின்ட் அடித்துத் தருகிறோம்" என்கிறார் டீலர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: பதிவாகாத கார் என்றால் முதலில் வேறு கார் கேளுங்கள். பதிவாகிவிட்டது என்றால் ஒப்புக்கொள்ளலாம். துளைகளை அப்படியே விட்டால் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆரஞ்சு பீலுக்காகவோ இரண்டு மூன்று தூசிப் புள்ளிகளுக்காகவோ மறு பெயின்ட் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 140 டிகிரியில் சுட்ட பெயின்ட்டைக் கொடுத்து 60 டிகிரி பெயின்ட்டை வாங்குவது நஷ்டம்.

அடிக்கும் முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள். துளை உள்ள அடுக்கு முழுதாகத் தேய்த்து எடுக்கப்பட வேண்டும், மேலே பூசி மூடக் கூடாது. கிளியர் கோட் பலகையின் விளிம்பு வரை முழுதாக விழ வேண்டும். நடுவில் மங்கச் செய்து நிறுத்திய கிளியர் ஓரிரு வருடத்தில் கோடாகத் தெரியும், பிறகு உரியும். வாஷர் முனை, சின்னம், ரப்பர் எல்லாம் கழற்றப்பட வேண்டும். மெட்டாலிக் அல்லது முத்து நிறம் என்றால் பக்கத்து ஃபெண்டர்களிலும் பேஸ் கோட்டைச் சற்று இழுத்து மங்கச் செய்தால்தான் நிறம் சேரும். அப்படியானால் அந்த ஃபெண்டர்களின் மேலும் முழுக் கிளியர் ஏறும், தெரிந்தே சம்மதியுங்கள். ஒரே நிற எண்ணுக்குப் பல சாயல் கலவைகள் உண்டு என்பதால், ஒரு அட்டையில் பேஸ் கோட்டும் கிளியரும் அடித்துக் காயவைத்து, காரின் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடச் சொல்லுங்கள்.

சூடாக்குவதில்தான் பலரும் ஏமாற்றுவது. அறையின் காற்று 60 டிகிரி ஆவது போதாது. தகடே அந்தச் சூட்டுக்கு வந்து, அதன் பின் சுமார் அரை மணி நேரம் நிற்க வேண்டும். சரியான நேரம் அந்தக் கிளியரின் தயாரிப்புத் தாளில் இருக்கும். அரைகுறையாக இறுகிய கிளியர் முதல் வாரத்தில் பளபளக்கும், பிறகு சுருங்கி மங்கும், அடியில் இருந்த மணல்தாள் கோடுகள் மேலே வரும்.

வேலை முடிந்து காரைத் திரும்ப வாங்கும்போது பார்க்க வேண்டியது பானெட்டின் பளபளப்பை மட்டும் அல்ல, பக்கத்து ஃபெண்டரோடு அது ஒத்துப் போகிறதா என்பதை. தொழிற்சாலை நெளிவுள்ள இரண்டு ஃபெண்டர்களுக்கு நடுவே பாலிஷ் போட்டுத் தட்டையாக்கிய பானெட் தனியாகத் தெரியும். நல்ல பெயின்டர் கிளியரின் தின்னரையும் துப்பாக்கியின் அழுத்தத்தையும் மாற்றி அந்த நெளிவையும் சேர்த்தே கொண்டுவருவார்.

கனமானி அளவுகளை எழுதி வாங்கி, எந்தப் பலகை, எந்தத் தேதி, எவ்வளவு கால வாரண்டி என்பதோடு காரின் காகிதங்களில் வையுங்கள். பின்னாளில் விற்கும்போது வாங்குபவர் அளந்து பார்த்துக் கேட்டால் காட்ட இது வேண்டும். இரண்டு மாதத்துக்கு மெழுகு, செராமிக், ஃபிலிம் எதுவும் வேண்டாம், மிஞ்சிய கரைப்பான் வெளியேறட்டும். அதுவரை வெறும் தண்ணீரும் காரமில்லாத ஷாம்பூவும் போதும். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் அன்றைக்கே நனைத்து எடுத்துவிடுங்கள்.